எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதா, குறைப்பதா?

கேள்வி: என் 9 வயது மகனுக்குத் தொய்வும் கரப்பானும் இருக்கின்றன. எதிர்ப்புச் சக்தி போதாததுதான் காரணம் என்று சொல்லி, அதைக் கூட்டும் மா ஒன்றை உறவினர் ஒருவர் வாங்கித் தந்திருக்கிறார். மூட்டுவாதத்தால் அவதிப்படும் என் அக்காவுக்கோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க வேண்டுமென்று இன்ஃபிளிக்சிமாப் ஊசியைத் தொடங்க நிபுணர் ஏற்பாடு செய்கிறார். அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை வேண்டுமாம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்த நோய் இருந்ததில்லை. ஒரே வீட்டில் ஒருவருக்குக் கூட்டவும் மற்றவருக்குக் குறைக்கவும் சொல்வது ஏன்? மகனுக்கு அந்த மாவைக் கொடுக்கலாமா?
ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மாவைக் கொடுக்க வேண்டாம். அக்காவின் பரிசோதனையைத் தவறாமல் செய்வியுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் எதிர்ப்புச் சக்தி என்பது கூடவும் குறையவும் கூடிய ஒரே பொருள் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது, விளம்பரங்களும் அதற்கு நீர் வார்க்கின்றன.

தொய்வும் கரப்பானும் இருப்பதை மட்டும் வைத்து உங்கள் மகனின் நிர்ப்பீடனம், அதாவது எதிர்ப்புச் சக்தி, குறைந்துவிட்டது என்று கூற முடியாது. அது ஊக்கமாகவே இயங்குகிறது. ஆனால் வீட்டுத் தூசி போன்ற தீங்கற்ற பொருளுக்கு எதிராக, தேவையற்ற ஒரு வழியில் இயங்குகிறது. அந்த வழியைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு உதவி ரி கலங்கள் எனப்படும் வெண்குழியங்களுக்கு உண்டு. இவை பெரும்பாலும் தாமே கிருமிகளைக் கொல்வதில்லை. சைற்றோக்கைன்கள் என்ற சிறு புரதங்களைச் சுரந்து, மற்றக் கலங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை உணர்த்துகின்றன.

1986 ஆம் ஆண்டில் மொஸ்மன், கொஃப்மன் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் எலிகளின் உதவி ரி கலங்களை ஆராய்ந்து, சுரக்கும் சைற்றோக்கைன்களைக் கொண்டு அவற்றை இரு வகையாகப் பிரித்தனர். முதலாம் வகை இன்ரபெரோன் காமாவைச் சுரந்து, கிருமிகளை விழுங்கும் வெண்குழியங்களான பெருந்தின்குழியங்கள் தமக்குள்ளேயே ஒளிந்து வாழும் பற்றீரியாக்களை அழிப்பதற்கான வலுவை அவற்றுக்குக் கொடுக்கிறது. இரண்டாம் வகை இன்ரலூக்கின் 4, 5, 13 ஆகியவற்றைச் சுரக்கிறது. இவை குடற்புழுக்களை எதிர்க்கப் பயன்படுபவை. உங்கள் மகனிடம் புழு இல்லாமலே இந்த இரண்டாம் வழி திறந்திருக்கிறது. இன்ரலூக்கின் 4 ஒவ்வாமைக்குரிய பிறபொருளெதிரியை (இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் புரதத்தை) உண்டாக்கத் தூண்டுகிறது, 5 இயோசினோபில் வெண்குழியங்களைப் பெருக்குகிறது, 13 சுவாசக் குழாயில் சளியைக் கூட்டி அதை எளிதில் சுருங்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. இரு வகைகளும் ஒன்றையொன்று அடக்கக் கூடியவை என்பதால், ஒரு வழி தொடக்கத்தில் வலுத்துவிட்டால் அதிலேயே நிலைத்துவிடும் போக்கும் உண்டு.

வழி மாறினால் என்ன நேரும் என்பதற்குத் தொழுநோயைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. தொழுநோயாளரைத் தனியே வைத்திருந்த, மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவைப் பற்றி முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த நோய் பழங்கதையும் அல்ல, இலங்கையில் இன்றும் புதிய நோயாளர்கள் கண்டறியப்படுகிறார்கள். ஒரே பற்றீரியா ஒருவருக்கு உணர்ச்சியற்ற சில தேமல்களோடு நின்றுவிட, இன்னொருவருக்கு உடலெங்கும் தடிப்புகளாகப் பரவுகிறது. முன்னவரின் தோற்புண்களில் இன்ரபெரோன் காமா மிகுந்திருக்கிறது, கிருமிகளோ மிகச் சில. பின்னவரிடம் இன்ரலூக்கின் 4, 10 ஆகியன மேலோங்கியிருக்கின்றன. இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் ஏராளமாக இருந்தும், கலங்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை அவற்றால் எட்ட முடிவதில்லை. இவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா, கூடவா? அளவை வைத்து இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே முடியாது.

இரண்டு வகைகளோடு கதை முடியவில்லை. இன்ரலூக்கின் 17 ஐச் சுரக்கும் மூன்றாவது வகை 2005 அளவில் தனியாக இனங்காணப்பட்டது. பங்கசுக்களிடமிருந்து நம்மைக் காக்கும் அதுவே சொரியாசிஸ் நோயில் தோலைக் கெடுக்கிறது. இவற்றையெல்லாம் அடக்கி வைக்கும் ஒழுங்காக்கும் ரி கலங்களும் உண்டு. அவை தொடர்பான கண்டுபிடிப்புகளுக்காகவே சகாகுச்சி, புரங்கோ, ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இனி மகனின் சிகிச்சை. அவனுக்குப் பம்ப் மூலம் கொடுக்கப்படும் தடுப்பு மருந்து சிறு அளவு ஸ்டீரொயிட் என்றால், மேற்சொன்ன சைற்றோக்கைன்களின் ஆரவாரத்தைச் சுவாசக் குழாயிலேயே தணிப்பதுதான் அதன் வேலை. இழுப்பு இல்லாத நாட்களிலும் அதை நிறுத்தக் கூடாது. இன்ரலூக்கின்களையே குறிவைக்கும் ஊசிகளும் இப்போது உள்ளன; அவை விலை மிக்கவை, பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதும் இல்லை. உறவினர் தந்த மாவோ இந்த வழிகளுள் எதைக் கூட்டும், எதைக் குறைக்கும் என்று எந்தப் பொதியும் சொல்வதில்லை. இத்தகைய சில பொருட்களில் அறிவிக்காமலே ஸ்டீரொயிட் கலக்கப்பட்டிருந்தது வெளிநாடுகளில் கண்டறியப்பட்டிருப்பதால், "குணம் தெரிகிறது" என்று யாராவது சொன்னாலும் நான் மகிழ மாட்டேன்.

அக்காவின் விடயம் இதைவிட முக்கியமானது. மூட்டுவாதத்தில் உதவி ரி கலங்களின் தூண்டுதலோடு பெருந்தின்குழியங்கள் ரிஎன்எப் என்ற சைற்றோக்கைனை மிகையாகச் சுரந்து மூட்டை அரிக்கின்றன. இன்ஃபிளிக்சிமாப் அந்த ஒன்றைத் தடுக்கிறது. ஆகவே உடலின் எதிர்ப்பு முழுவதையும் குறைக்கிறார்கள் என்று அஞ்ச வேண்டாம். ஆனால் நுரையீரலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வெண்குழியங்கள் எழுப்பும் அடைப்பைக் காத்து நிற்பதும் இதே ரிஎன்எப் தான். அது தடுக்கப்பட்டால் அடைப்புத் தளர்ந்து கிருமி வெளிவரலாம். இந்த மருந்தைப் பெற்ற 70 பேருக்குக் காசநோய் ஏற்பட்ட செய்தி 2001 இல் வெளியான பின்னரே முன்பரிசோதனை வழக்கமாயிற்று. உறங்கும் கிருமிக்கு அறிகுறி எதுவும் இராது. குடும்பத்தில் யாருக்கும் நோய் இருந்ததில்லை என்பதும் உறுதியான சான்றாகாது.

கையில் ஊசியிட்டு 48 முதல் 72 மணித்தியாலங்களுக்குள் தடிப்பை அளக்கும் மன்ரூ பரிசோதனை, முதலாம் வகைக் கலங்களின் வேலையையே தோலில் காட்டுகிறது. பிறந்தவுடன் நமக்குப் போடப்படும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியாலும் தடிப்பு வரக்கூடும் என்பதால், இரத்தத்தில் இன்ரபெரோன் காமாவை அளக்கும் பரிசோதனையையும் நிபுணர் கேட்கலாம். உறங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் ஊசியே கிடையாது என்று அக்கா கலங்க வேண்டியதில்லை. முதலில் தடுப்புச் சிகிச்சையைத் தொடங்கி, வழக்கமாக ஒரு மாதமாவது கழித்து ஊசியை ஆரம்பிப்பார்கள்.

ஊசி தொடங்கிய பிறகு காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் உடனே வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். இருமல் இல்லையே என்று பேசாமல் இருந்துவிடக் கூடாது. அந்த 70 பேரில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காசநோய் நுரையீரலுக்கு வெளியேதான் தோன்றியிருந்தது.