கண்ணாடி போட்டாதான் காது கேக்குதுன்னு அப்பா சொல்றார், நிஜமாவா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயசு. கண்ணாடி போட்டுட்டு முகத்த பாத்து பேசினா நல்லா புரிஞ்சுக்குறார், அடுத்த ரூம்ல இருந்து கூப்பிட்டா புரியல. உதட்ட பாத்தே சமாளிக்கிறேன், காது டெஸ்ட் எதுக்குங்கிறார். என்ன பண்ணலாம்?

பதில்: அப்பா சொல்றது நிஜம்தாங்க. இரைச்சல் கூடக் கூட, பேசுறவங்க முகத்த பாக்குறதுல கிடைக்கிற உதவியும் கூடுதுன்னு 1954லயே சம்பி, போலாக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்காங்க. வயசானா பொதுவா முதல்ல கேக்காம போறது ஹை ஃப்ரீக்வன்சி சத்தம், அதாவது கீச்சுனு மெல்லிசா வர்ற சத்தம், மெய்யெழுத்துகள பிரிச்சு காட்டுறதுல பெரும்பங்கு அதுக்குத்தான், உயிரெழுத்து ஓரளவு நல்லாவே விழும், அதனாலதான் நிறைய பேர் "சத்தம் கேக்குது, என்னன்னுதான் புரியல"ங்கிறாங்க. 'பாட்டு', 'காட்டு' ரெண்டும் காதுல குழம்பினாலும் 'ப'வுக்கு உதடு மூடுறது கண்ணுக்கு பளிச்சுனு தெரியும். ஆனா 'பாட்டு', 'மாட்டு' ரெண்டுக்குமே உதடு ஒரே மாதிரிதான் மூடும், அத காதுதான் பிரிக்கணும்.

டெஸ்ட் வேணாம்கிறத மட்டும் ஒத்துக்காதீங்க. வயசாக ஆக உதட்ட படிக்கிற திறமை தானா வளந்துடும்னு பலர் நம்புறாங்க, அப்படி இல்ல. சத்தமில்லாம முகத்த மட்டும் காட்டி சோதிச்சா பெரியவங்க சராசரியா சின்னவங்கள விட குறைவாத்தான் புரிஞ்சுக்குறாங்க. மூளை வேகம் குறையுது, கேட்டத அந்த நேரத்துக்கு மனசுல பிடிச்சு வெச்சுக்குற ஞாபகமும் கொஞ்சம் தளருது. ஆனா கண்ணுல வர்றதையும் காதுல வர்றதையும் சேத்து புரிஞ்சுக்குறது வயசானவங்ககிட்டயும் பெரும்பாலும் நல்லாவே நிக்குது, இது எனக்கு ரொம்ப நம்பிக்கை தர்ற விஷயம். அதனால ஹியரிங் எய்ட் தேவைப்பட்டு போட்டாலும் முகம் பாக்குற பழக்கத்த விட வேண்டியதில்ல, ரெண்டும் சேந்தாத்தான் முழு பலன்.

ஆடியோகிராம், அதாவது காது டெஸ்ட், எடுக்குறப்பவே கண்ணையும் காட்டிடுங்க, கேடராக்ட் (கண்புரை) இருந்தா முகம் மங்கி உதட்டசைவு தெரியாம போகும். படிக்க மட்டும் போடுற கண்ணாடில எதிர்ல இருக்கிறவர் முகம் தெளிவா தெரியாது, எதிர்ல உக்காந்து பேசுற தூரத்துக்கு சரியா தெரியுதான்னு கேளுங்க.

வீட்ல பேசுறப்போ வெளிச்சம் உங்க முகத்துல விழணும், ஜன்னலுக்கு முதுகு காட்டி நிக்காதீங்க, முகம் இருட்டாயிடும். ஒன்னு ரெண்டு மீட்டர் தூரத்துல, பேர சொல்லி கூப்பிட்டு அவர் திரும்பினப்புறம் பேசுங்க, டிவிய நிறுத்திட்டு. கத்தாதீங்க, கத்தினா வாய் கோணி உதட்டு வடிவமே மாறிடும், மெய்யெழுத்தும் தெளிவா வராது, கொஞ்சம் நிதானமா பேசினா போதும். வீடியோ கால்ல படமும் சத்தமும் முன்னப்பின்ன வந்தா முகம் பாத்தும் உதவாது, அப்ப பேசுறத எழுத்தா காட்டுற கேப்ஷன் ஆன் பண்ணிடுங்க.

ஒரு காது மட்டும் திடீர்னு மந்தமானா இதெல்லாம் பாத்துட்டு இருக்காதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.