கேள்வி – பதில்: ஒகோனோமியாகி நடுவில் வேகாதது ஏன்?

ஜப்பானின் முட்டைக்கோஸ் அப்பமான ஒகோனோமியாகியை 2 கப் மைதா, 1 கப் முட்டைக்கோஸ் போட்டுச் சுட்டேன். வெளியே கருகுகிறது, உள்ளே களியாக இருக்கிறது. எங்கே தவறு?
– வாசகி, காவேரிப்பட்டினம்

அளவில்தான். அடையில் மாவு முதல், காய் பிறகு. இதில் அப்படியே தலைகீழ். கோஸ்தான் பண்டம், மாவு அதை ஒட்டவைக்க மட்டும். இரண்டு பேருக்கு மைதா 100 கிராம், தண்ணீர் 100 மில்லி, முட்டை 2, கோஸ் 300 கிராம். கலக்கும்போது 'இவ்வளவு கோஸுக்கு இந்த மாவு போதுமா' என்று தோன்றும். போதும், மாவைக் கூட்டாதீர்கள்.

மைதாவோடு அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கொஞ்சம் உப்பு சேர்த்துத் தண்ணீர் விட்டு, கட்டி கரைந்ததும் நிறுத்திவிடுங்கள். அடித்துக் கலக்கினால் ரப்பராகிவிடும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். கோஸை நடுத்தண்டு நீக்கி அரை சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, கழுவிய ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுங்கள். பொரியலுக்குப் போல உப்புப் போட்டுப் பிசிறினால் தண்ணீர் விட்டுவிடும். முட்டையையும் கோஸையும் சுடுவதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் பத்துத் தடவை புரட்டினால் போதும்.

தோசைக்கல்லில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், மிதமான தீ. பாதிக் கலவையை ஒரு சாண் அகலத்துக்கு, 2 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவியுங்கள். தோசைபோல் தேய்க்கக் கூடாது. மூடி 5 நிமிடம். ஓரத்தில் திருப்பியை விட்டால் உடையாமல் ஒரே வில்லையாக எழும்ப வேண்டும். அப்போது திருப்பி, மீண்டும் மூடி 5 நிமிடம், பிறகு திறந்து 3 நிமிடம். திருப்பியதும் அழுத்துவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அழுத்தினால் கோஸுக்கு இடையில் உள்ள காற்று வெளியேறி இடைவெளி அடைபட்டு, நடுப்பகுதி களியாகிவிடுகிறது. மூடியில் கோத்த நீரையும் அவ்வப்போது துடைத்துவிடுங்கள்.

ஒகோனோமியாகி மாவில் துருவிச் சேர்க்கும் நாகைமோ கிழங்கு கிடைக்கவில்லை. சேனைக்கிழங்கைத் துருவிச் சேர்க்கலாமா?
– வாசகர், ஓசூர்

வேண்டாம், நாக்கு அரிக்கும். நாகைமோ வள்ளிக்கிழங்கு இனம். சேனை வேறு குடும்பம். பெருவள்ளிக்கிழங்கு கிடைத்தால் துருவி 2 டேபிள்ஸ்பூன் சேர்க்கலாம், அதன் வழவழப்புதான் உள்ளே பஞ்சுபோல் உப்பவைக்கும். தோல் சீவும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் பேக்கிங் பவுடரே போதும்.

மைதாவுக்குப் பதில் ராகி?
– வாசகி, பென்னாகரம்

கால் பங்கு வரை: 75 கிராம் மைதா, 25 கிராம் ராகி, ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் கூடுதலாக. முழுக்க ராகி என்றால் பிடிமானம் இருக்காது, திருப்பும்போது உடைந்துவிடும்.

ஒகோனோமியாகி மேல் தடவும் சாஸ் எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. வீட்டிலேயே செய்ய முடியுமா?
– வாசகர், பாலக்கோடு

முடியும். தக்காளி கெட்சப் 3 டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், கெட்டிப் புளிக்கரைசல் 1 டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன். சிறுதீயில் 2 நிமிடம். புளி இதற்கு அந்நியமல்ல. அந்தச் சாஸுக்கு முன்னோடியான இங்கிலாந்தின் வுஸ்டர் சாஸிலும் புளி உண்டு. சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால் தனியாகப் போட வேண்டாம். சூடான அப்பத்தின் மேல் இதைத் தடவி, மயோனைஸைக் கோடு கோடாக விட்டு உடனே பரிமாறுங்கள். ஆறினால் கோஸ் நீர் விட்டுத் தளர்ந்துவிடும்.