காசு கட்டுமுன், சும்மா வரவேண்டிய ஆண்டுகளைக் கேளுங்கள்

கேள்வி: நான் 1963 ஜூனில் பிறந்தவள். ஜேர்மனியில் பத்து வருடம் இருந்தோம். அதில் ஆறு வருடம் ஒரு பேக்கரியில் பதிவோடு வேலை செய்தேன். பிள்ளைகள் 1993இலும் 1997இலும் அங்கேயே பிறந்தார்கள். 2003 ஜனவரியில் லண்டன் வந்தோம். பிள்ளைக்காசு கணவர் பெயரில் எடுத்தோம். 2012இலிருந்து பகலில் பள்ளிக்கூடச் சமையலறை, பின்னேரம் கிளீனிங். இரண்டிலும் கிழமைக்கு நூறு பவுண் அளவில்தான். 2014-15இல் மட்டும் ஒரு கடையில் முழுநேரம். 2017இலிருந்து நாலு வருடம் ஒரே இடத்தில் முழுநேர வேலை, பிறகு பழையபடி இரண்டு வேலை. இணையத்தில் என் பிரித்தானிய அரச ஓய்வூதியப் பதிவைப் பார்த்தால் நாலே நாலு ஆண்டுதான் காட்டுகிறது. பத்து இல்லாவிட்டால் ஒரு சதமும் வராது, ஆறு வருடத்தைக் காசு கட்டி வாங்கு என்கிறார் அண்ணா. கணவருக்கு முழு ஓய்வூதியம் வரும். அதில் எனக்குப் பங்கு இல்லையா?

பதில்: பங்கு இல்லை. 2016 ஏப்ரல் 6க்குப் பிறகு ஓய்வூதிய வயதை எட்டுகிறவர்களுக்குப் பொதுவாக அவரவர் தேசியக் காப்புறுதிப் பதிவுதான் கணக்கு. பத்து ஆண்டு வேண்டும் என்பதும் சரி. ஆனால் உங்கள் அண்ணா சொன்னபடி இப்போதே காசு கட்டாதீர்கள். காசு கட்டாமலே வரவேண்டிய ஆண்டுகள் உங்களுக்கு இருக்கின்றன.

முதலாவது, பிள்ளைக்காசு. 2010 ஏப்ரல் வரை, 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சைல்ட் பெனிபிட் எடுத்தவருக்கு வீட்டுப் பொறுப்புப் பாதுகாப்பு என்ற சலுகை இருந்தது. அது இன்று ஓய்வூதிய ஆண்டாக மாறும். உங்கள் வீட்டில் அது வேலையில் இருந்த கணவரின் பெயரில் போய் விழுந்திருக்கிறது. அவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, உங்களுக்கோ ஓட்டை. நம் குடும்பங்களில் இதை அடிக்கடி காணலாம். சேர்ந்து வாழ்ந்து, பிள்ளைகளை இருவரும் பார்த்து, அவருக்கு அந்த ஆண்டுகள் தேவையில்லை என்றால், உங்கள் பெயருக்கு மாற்றலாம். வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்கு சிஎப்411 என்ற படிவத்தை அனுப்புங்கள். முழு நிதியாண்டுகள் மட்டுமே எடுபடும்: 2003-04 முதல் 2009-10 வரை ஏழு. அதற்குப் பிந்திய சலுகை 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத்தான். இளையவருக்கு 2010இல் 12 தாண்டிவிட்டதால் அங்கே எதுவும் இல்லை.

நாலும் ஏழும் பதினொன்று. பத்து என்ற வாசல் இதிலேயே தாண்டிவிடுகிறது.

இரண்டாவது, 2014-15. பே ஸ்லிப்பில் காப்புறுதிக் காசு கழித்திருந்தும் பதிவில் இல்லையென்றால், முதலாளி அதைக் கட்டாமல் விட்டிருக்கலாம். உங்கள் சம்மதமோ கவனயீனமோ அதற்குக் காரணமில்லை என்றால், கட்டியதாகவே கணக்கிட வேண்டும் என்கிறது 2001ஆம் ஆண்டுப் பங்களிப்பு ஒழுங்குவிதிகளின் 60ஆம் விதி. பே ஸ்லிப், பி60 என்ற ஆண்டுச் சம்பள-வரித் துண்டு, சம்பளம் விழுந்த வங்கிக் கூற்று ஆகியவற்றின் பிரதிகளோடு எச்எம்ஆர்சிக்கு எழுதுங்கள். கையில் காசு வாங்கி, துண்டு எதுவும் இல்லாத வேலை என்றால் இது எடுபடாது.

இனி, இன்றும் நடந்துகொண்டிருக்கும் இழப்பு. 2025-26இல் ஒரு வேலையில் கிழமைக்கு 125 பவுண் எட்டினால்தான் அந்தக் கிழமை கணக்கில் ஏறும். 125க்கும் 242க்கும் இடையில் ஒரு சதமும் கழிக்காமலே கட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வெவ்வேறு முதலாளிகளிடம் வாங்குவதைக் கூட்டமாட்டார்கள். நூறும் நூறும் இருநூறு, ஆனாலும் பதிவில் பூச்சியம். ஆகவே ஓரிடத்தில் மணித்தியாலத்தைக் கூட்டித் தரக் கேளுங்கள். மற்றதை விட்டாலும் பரவாயில்லை. யூனிவர்சல் கிரெடிட் என்ற குறைந்த வருமான உதவி கிடைக்கும் குடும்பம் என்றால் இந்தக் கவலையே இல்லை. இருவருக்கும் வரவு தானாக விழும். உங்கள் ஓய்வூதிய வயது 67, அதாவது 2030 ஜூன். கடைசியாகக் கணக்கில் வரும் ஆண்டு 2029-30.

ஜேர்மனியை மறந்துவிடாதீர்கள். அங்கே காப்புறுதி கட்டிய ஆறு ஆண்டுகளைப் பத்து ஆண்டுத் தகுதிக்குச் சேர்த்துப் பார்ப்பார்கள். சிஎப்411 நிராகரிக்கப்பட்டாலும் நாலும் ஆறும் பத்து. பிரித்தானியா பணம் தருவது தன் ஆண்டுகளுக்கு மட்டும்தான், ஆனால் ஒன்றுமில்லை என்ற நிலை வராது. இணையத்தில் தெரியும் கணிப்பில் இந்த வெளிநாட்டு ஆண்டுகள் இருக்காது. அதைப் பார்த்துத்தான் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். ஜேர்மனியில் 60 மாதம் கட்டினாலே தனி ஓய்வூதியம் உண்டு. அதோடு, 1992 முதல் பிறந்து அங்கே வளர்ந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தாய்க்கு மூன்று ஆண்டு வரவு உண்டு. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு வி0800 படிவத்தை அந்நாட்டு ஓய்வூதியக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 1963இல் பிறந்தவர்களுக்கு அங்கே வயது 66 வருடம் 10 மாதம்.

இனி அண்ணாவின் யோசனை. 2006 வரை பின்னே போய்க் கட்டும் சலுகை 2025 ஏப்ரல் 5உடன் முடிந்தது. இப்போது ஆறு ஆண்டு பின்னேதான் போகலாம். விடுபட்ட ஆண்டை நாமே கட்டி வாங்கும் மூன்றாம் வகுப்புக் கட்டணம் 2025-26இல் கிழமைக்கு 17.75 பவுண், ஆண்டுக்கு 923. அந்த ஆண்டின் முழு ஓய்வூதியம் கிழமைக்கு 230.25 பவுண், அதில் 35இல் ஒரு பங்கான 6.58 கிழமைதோறும் கூடும். மூன்று வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். நல்ல பேரம்தான், ஆனால் எல்லோருக்கும் அல்ல.

2014-15உம் சேர்ந்து உங்களுக்கு 12 ஆண்டு தேறினால், 2025-26 கணக்கில் கிழமைக்கு 78.94 பவுண். கணவரின் முழுத் தொகையோடு 309.19. இருவரும் ஓய்வூதிய வயதை அடைந்த பின், தம்பதியின் வருமானம் 346.60க்குக் (2025-26 அளவு) கீழே இருந்தால் மீதியைப் பென்ஷன் கிரெடிட் என்ற அரச உதவி நிரப்பும். வேறு வருமானமும் பெரிய சேமிப்பும் இல்லாத வீட்டில், 923 கட்டி 6.58 கூட்டினால் கிரெடிட்டில் அதே 6.58 குறையும். கட்டிய காசு வீண். ஜேர்மன் ஓய்வூதியமும் இந்தக் கணக்கில் சேரும்.

வயதான காலத்தில் யாழ்ப்பாணம் போய் இருக்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு புரளும். பென்ஷன் கிரெடிட் கடல் தாண்டாது. அரச ஓய்வூதியம் வரும், ஆனால் இலங்கையில் வாழ்பவருக்கு ஆண்டுதோறும் கூட்டமாட்டார்கள். முதலில் நின்ற தொகையிலேயே நிற்கும். அப்போது ஆண்டு வாங்குவது பயன்தரலாம்.

ஆகவே முதலில் சிஎப்411, பிறகு 2014-15 கடிதம், பதில் வந்ததும் அரச ஓய்வூதியக் கணிப்புச் சொல்லும் அலுவலகமான ஃபியூச்சர் பென்ஷன் சென்டருக்குத் தொலைபேசி எடுத்து, எந்த ஆண்டைக் கட்டினால் எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். கட்டிய பிறகு திருப்பி வாங்குவது கடினம். 2030இல் விண்ணப்பிக்கும்போது வெளிநாட்டில் வேலை செய்த பகுதியை வெறுமையாக விடாமல், ஜேர்மன் காப்புறுதி இலக்கத்தையும் எழுதுங்கள்.