படிவத்தோடு மல்லுக்கட்டும் வாடிக்கையாளர்: இணையத்தள வடிவமைப்பு கேள்வி-பதில்

புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருக்கிறோம். இணையத்தளம் இருந்தும் விலை கேட்டு, நேரம் கேட்டு போன் வந்தபடியே இருக்கிறது. ஏன்?

உங்கள் தளத்தைப் போனில் திறந்து பார்த்தேன். முதலில் பெரிய படங்கள் மாறி மாறி ஓடுகின்றன, அப்புறம் உரிமையாளரின் செய்தி, அதற்குக் கீழே கடையின் வரலாறு. கடை திறக்கும் நேரம் எங்கேயும் இல்லை. சேலைப் படங்களின் கீழ் 'விலைக்கு அழைக்கவும்' என்று போட்டிருக்கிறீர்கள், அதனால் அழைக்கிறார்கள். என்ன விலை, எத்தனை மணிவரை, கடை எந்தத் தெருவில், போயா தினத்தில் பூட்டா? வருபவர் தேடுவது இவ்வளவுதான். ஓடும் படங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இவற்றைப் போடுங்கள்.

தொலைபேசி இலக்கம் படத்துக்குள் இருக்கிறது. தொட்டால் அழைப்புப் போகாது. எழுத்தாகப் போட்டு இணைப்புக் கொடுங்கள். வாட்ஸ்அப் இணைப்பு திறக்காததற்குக் காரணம் முன்னால் உள்ள 0. அதை எடுத்துவிட்டு 94 இல் தொடங்குங்கள், கூட்டல் குறியும் வேண்டாம்.

வெள்ளவத்தையில் ரியூஷன் நிலையம் நடத்துகிறேன். ஒன்லைன் பதிவைப் பெற்றோர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

நானும் நிரப்பிப் பார்த்தேன். குறை பெற்றோரிடம் இல்லை.

பெயருக்கு இரண்டு பெட்டி: முதற்பெயர், குடும்பப்பெயர். இரண்டும் கட்டாயம். நம் ஆட்களில் பலருக்குக் குடும்பப்பெயர் என்ற ஒன்றே கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும்தான். குடும்பப்பெயர்ப் பெட்டியில் வெறும் 'எஸ்' என்று போட்டேன். 'குறைந்தது மூன்று எழுத்து வேண்டும்' என்று சிவப்பில் வந்தது. தன் பெயரையே பிழை என்று சொல்லும் படிவத்தை யார் தொடர்ந்து நிரப்புவார்? 'முழுப்பெயர்' என்று ஒரே பெட்டி போதும்.

அடுத்தது அடையாள அட்டை. பெற்றோர் பலரிடம் இருப்பது பழைய அட்டை: 9 இலக்கமும் கடைசியில் 'வி' அல்லது 'எக்ஸ்' எழுத்தும். உங்கள் பெட்டி புதிய 12 இலக்கத்தை மட்டுமே ஏற்கிறது. இரண்டையும் ஏற்கச் செய்யலாம்தான். ஆனால் கணித வகுப்புக்கு அடையாள அட்டை இலக்கம் எதற்கு? எடுத்தே விடுங்கள். தேவையில்லாமல் கேட்கும் ஒவ்வொரு விபரமும் ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடும்.

தொலைபேசி இலக்கத்தை 0 இல் தொடங்கினாலும், +94 இல் தொடங்கினாலும், இடைவெளி விட்டு எழுதினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒழுங்குபடுத்துவது மென்பொருளின் வேலை. ஒரு பிழைக்காக நிரப்பிய எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். எந்தப் பெட்டியில் பிழையோ அதன் கீழேயே, என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். பெட்டியின் பெயர் பெட்டிக்கு மேலே இருக்கட்டும். உள்ளே மங்கலாக இருந்தால் எழுதத் தொடங்கியதும் மறைந்துவிடும்.

மூன்று மொழியிலும் தளம் செய்கிறோம். மொழி மாற்றக் கொடிப் படம் போடலாமா?

வேண்டாம். கொடி நாட்டுக்கு உரியது. ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதனதன் எழுத்திலேயே போடுங்கள். இன்னொன்று: தமிழுக்கு மாற்றினால் பார்த்துக்கொண்டிருந்த பக்கமே தமிழில் வரவேண்டும். முகப்புக்குத் தூக்கிப் போடும் தளங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. தமிழில் வாசிப்பவர் மட்டும் ஏன் திரும்பவும் முதலிலிருந்து தேட வேண்டும்?

தமிழ்ச் சொற்கள் நீளமானவை, மேலும் கீழும் குறிகள் உண்டு. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் கடைசி எழுத்து வெட்டுப்படும். தமிழ்ப் பக்கத்தை முதலில் வடிவமைத்தால் இந்தத் தலையிடி வராது.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரைகளை அப்படியே ஏற்றலாமா?

கூடாது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். கூகுளில் தமிழில் தேடினால் அகப்படாது, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் உளறும். தமிழைத் தமிழாகவே கணினி அறியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன.

வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து நன்றாக இருக்கிறதே?

காலி வீதியில் மத்தியான வெயிலில் நின்று அதைப் படித்துப் பாருங்கள். சர்வதேச அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் கேட்கும் குறைந்தபட்ச நிறவேறுபாடு, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச விகிதம், 4.5:1.

ஆய்வுக்குச் செலவழிக்க வசதியில்லை. தளம் சரியா என்று எப்படி அறிவது?

சோதித்துப் பார்க்க ஐந்து பேர் போதும் என்று இணையத்தளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000 ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி வேறு ஐந்து பேரிடம் கொடுக்க வேண்டும். ஆனால் அவர்கள் உங்கள் அலுவலகத்தவராக இருக்கக்கூடாது. கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம், அவருடைய சொந்தப் போனிலேயே, 'மகனைத் தரம் 10 கணித வகுப்பில் சேருங்கோ' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எங்கே திரும்பிப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'இதை அமத்துங்கோ' என்று வாய் வந்துவிடும், அடக்கிக்கொள்ள வேண்டும். 'எப்படி இருக்கு?' என்றும் கேட்காதீர்கள். வடிவாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பதிவு முடிந்ததா, இல்லையா என்பதை மட்டும் பாருங்கள்.