கரண்டைத் தடுக்கும் கிரீஸ் கனெக்ஷனைக் காப்பாற்றுமா?

கேள்வி: என் ஸ்கூட்டருக்கு வயது 6. மழை பெய்தால் இண்டிகேட்டர் எரிவதில்லை. வெயில் வந்ததும் தானே சரியாகிவிடுகிறது. ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர்களில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவச் சொல்கிறார் மெக்கானிக். அது மின்சாரத்தைக் கடத்தாதாமே! தடவினால் கரண்ட் எப்படிப் போகும்?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கடத்தாதுதான். அதுதான் அதன் நல்ல குணமே. கப்ளரை அழுத்திச் செருகும்போது, பின்னும் சாக்கெட்டும் கவ்வுகிற இடத்தில் கிரீஸ் பிதுங்கி விலகிவிடும். உலோகத்தோடு உலோகம் ஒட்டும், கரண்ட் போகும். சுற்றிலும் தங்கும் கிரீஸ் தண்ணீரையும் உப்புக்காற்றையும் உள்ளே விடாது. கடத்துகிற கிரீஸாக இருந்தால், 6 பின் கப்ளரில் பக்கத்து ஒயருக்குக் கரண்ட் தாவி, பிரேக் பிடித்தால் ஹார்ன் அடித்தாலும் ஆச்சரியமில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் மீனவர் ஒருவரின் வண்டிக்கு இதைத் தாராளமாக அப்பி அனுப்பினேன். ஒரே வாரத்தில் தள்ளிக்கொண்டு வந்தார். கழற்றிப் பார்த்தால், கிரீஸுக்கு அடியில் பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. அழுக்கை நானே மூடி வைத்திருக்கிறேன்!

அதனால் முதலில் சுத்தம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கப்ளரைப் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். நன்றாகக் காயட்டும். சாக்கெட் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள்; தளர்ந்த பின்னுக்கு நடுவில் கிரீஸ் புகுந்தால் கனெக்ஷன் போச்சு. அப்புறம் ரப்பர் சீலிலும் கப்ளர் வாயிலும் கடுகளவு தடவி, 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.

பெட்ரோலியம் ஜெல்லி போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பேட்டரி டெர்மினலை இறுக்கிய பிறகு மேலே பூச அது போதும், நானும் அதைத்தான் பூசுகிறேன். ஆனால் இன்ஜின் சூட்டில் உருகி ஓடிவிடும். சில ரப்பர்களை உப்பவும் வைக்கும். டைஎலெக்ட்ரிக் கிரீஸ் என்பது சிலிகான் கிரீஸ்; அது 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஸ்பார்க் பிளக் கேப்பின் ரப்பர் வாய்க்கும் அதுவே நல்லது. சுவிட்ச், ரிலே இவற்றின் உள்ளே மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே பொறி பறக்கும்; அந்தச் சூட்டில் சிலிகான் மணல் போல இறுகிக் கான்டாக்டை மூடிவிடும்.

உங்கள் வண்டியில் முன் லைட்டுக்குப் பின்னால் இருக்கும் கப்ளரை முதலில் பாருங்கள். கூடவே எர்த் ஒயர் போல்ட்டையும். அது துருப்பிடித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். கிரீஸ் வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்.