57 வாக்குகள்

அன்புள்ள ஐயா,

பல வருடங்களாக அமெரிக்காவில் வசிக்கிறேன். 2022-இல் இங்கே பணவீக்கக் குறைப்புச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் விடிய விடிய வாக்கெடுப்பு நடந்ததை டிவியில் பார்த்தேன். ஒரே ஒரு வாக்கில் நிறைவேறியது. அடுத்த வருடமே பணவீக்கம் 9 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்றார்கள். கடைக்குப் போனால் எதன் விலையும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நண்பர்களில் பாதிப்பேர் சட்டம் பலித்துவிட்டது என்கிறார்கள், மீதிப்பேர் எல்லாம் ஏமாற்று என்கிறார்கள்.

இன்னொன்று. எனக்கும் என் மாமனாருக்கும் சர்க்கரை நோய், இருவருமே இன்சுலின் போட்டுக்கொள்கிறோம். அவர் இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேரில் இருக்கிறார். அவருக்கு மாதம் 35 டாலருக்கு மேல் ஆவதில்லை. கம்பெனி இன்ஷூரன்ஸில் இருக்கும் எனக்கு அதைப்போலப் பல மடங்கு ஆகிறது. ஒரே வீட்டில் ஏன் இரண்டு விலை? வாக்குப் போட்டு விலைவாசியைக் குறைக்க முடியும் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் இரண்டாவது பத்திதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். ஆனால் முதல் கேள்வியை முடித்துவிட்டு அங்கே வருகிறேன்.

2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம். நாற்பது ஆண்டுகளில் அவ்வளவு உயர்ந்ததில்லை. 2023 ஜூனில் அது 3 சதவீதம். இந்த இரண்டு எண்களும் விலை ஏறும் வேகத்தைச் சொல்பவை. 100 டாலராக இருந்த செலவு ஒரு வருடத்தில் 109 ஆனது, அடுத்த வருடம் 112 ஆனது. ஏற்றம் நிதானப்பட்டது, ஏறியது இறங்கவில்லை. ஆகவே நீங்கள் கடையில் பார்த்ததும் உண்மை, செய்தியில் கேட்டதும் உண்மை.

அந்த வேகத்தைக் குறைத்தது இந்தச் சட்டமா? இல்லை என்றே சொல்வேன். அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலைக்குள் ஐந்தேகால் சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. கொரோனாவில் சிக்கிக்கிடந்த சரக்குப் போக்குவரத்து சீரானது. 2022 ஜூனில் காலன் 5 டாலரைத் தாண்டிய பெட்ரோல், ஆகஸ்டில் சட்டம் கையெழுத்தாவதற்கு முன்பே 4 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே இந்தச் சட்டத்தால் பணவீக்கத்தில் ஏற்படும் மாற்றம் மிகமிகச் சொற்பம் என்று கணித்துச் சொல்லியிருந்தது. அந்தப் பெயரை வைத்திருக்கவேண்டாம் என்று அப்போதைய அதிபர் பைடனே அடுத்த வருடம் வருத்தப்பட்டார். உள்ளே இருந்ததில் பெரும்பகுதி சூரிய ஒளி, காற்றாலை, மின்சாரக் கார் ஆகியவற்றுக்கான வரிச்சலுகை, பெரிய கம்பெனிகளுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி, அப்புறம் மருந்து விலை.

இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக உங்களுக்கு எழுதுகிறேன்.

மருந்து விலை அமெரிக்காவில் தானாக மட்டும் ஏறியதில்லை, வாக்குப் போட்டும் ஏறவிட்டார்கள். 2003 நவம்பரில் முதியோருக்கு மருந்துச் செலவைத் தரும் சட்டம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. வழக்கமாக 15 நிமிடத்தில் முடியும் வாக்கெடுப்பை, தோற்கும் நிலையில் இருந்ததால், அதிகாலை 3 மணியிலிருந்து கிட்டத்தட்ட 6 மணிவரை மூடாமல் திறந்து வைத்திருந்தார்கள். அதற்குள் மனம் மாறவேண்டியவர்கள் மாறினார்கள். 220-க்கு 215 என்று நிறைவேறியது. அந்தச் சட்டத்துக்குள் ஒரு பிரிவு இருந்தது: மெடிகேர் நிர்வாகம் மருந்துக் கம்பெனிகளோடு விலை பேசக்கூடாது. கோடிக்கணக்கான முதியோருக்காக மருந்துக்குப் பணம் தரும் அரசு, விலை என்ன என்று பேரம் பேசவே சட்டப்படி தடை. கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் அந்தத் தடை அப்படியே நின்றது. அந்தக் காலம் முழுக்கக் கூடுதலாகக் கொடுத்தவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. அந்த ஒரு பிரிவை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

2022 சட்டம் அந்தத் தடையைத் தளர்த்தியது. முதலில் பத்து மருந்துகளுக்கு விலை பேசலாம், பேசிய விலை 2026 ஜனவரி 1 முதல். உங்கள் மாமனார் போன்றவர்கள் சர்க்கரைக்குச் சாப்பிடும் ஜனுவியா மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் 30 நாளைக்குப் பட்டியல் விலை 527 டாலராக இருந்தது. பேசி முடித்த விலை 113. இடையில் கம்பெனிகள் கொடுத்துவந்த தள்ளுபடிகள் உண்டு, ஆகவே முழு வித்தியாசமும் மிச்சம் என்று கணக்குப் போடக்கூடாது. அப்படியும் அது பெரிய இறக்கம். இன்னொரு பிரிவின்படி, பணவீக்கத்தைவிட வேகமாக ஒரு மருந்தின் விலையை ஏற்றினால், அந்த அதிகப்படியை மெடிகேருக்குக் கம்பெனி திருப்பிக் கட்டவேண்டும். அந்தச் சட்டத்தில் பணவீக்கம் என்ற சொல்லுக்கு நேரடியாக வேலை இருக்கும் இடம் இதுதான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது என்ற உச்சவரம்பு, மசோதாவில் இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருந்தது. மெடிகேரில் இருப்பவர்களுக்கும் உண்டு, உங்களைப்போல் தனியார் இன்ஷூரன்ஸில் இருப்பவர்களுக்கும் உண்டு. ஆனால் செனட்டில் ஆளும் ஜனநாயகக் கட்சி அணிக்கு 100-இல் 50 பேர்தான். சாதாரண வழியில் போனால் விவாதத்தை முடிக்கவே 60 வாக்கு வேண்டும் என்பதால், பட்ஜெட் மசோதாக்களுக்கென்று இருக்கும் தனி வழியில் கொண்டுபோனார்கள். அதில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். ஆனால் அந்த வழியில் போகும் ஒவ்வொரு பிரிவும் அரசின் வரவு செலவைத் தொடவேண்டும் என்பது விதி. மெடிகேர் அரசுச் செலவு, அந்தப் பிரிவு தங்கிவிட்டது. உங்கள் கம்பெனி இன்ஷூரன்ஸ் அரசுச் செலவில்லை, அந்தப் பிரிவு விதிக்கு ஒத்துவராது என்று செனட்டின் விதிமுறை அதிகாரி சொல்லிவிட்டார்.

சரி, விதியைத் தளர்த்த வழியில்லையா? இருந்தது. அதற்கு 60 வாக்கு. 2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை, இரவெல்லாம் திருத்தம் திருத்தமாக வாக்குப் போட்டுக் களைத்த அவையில் அந்தக் கேள்வி வந்தது. ஜனநாயகக் கட்சி அணியின் 50 பேரும் ஆதரித்தார்கள். எதிர்க்கட்சியிலிருந்து ஏழு பேர் கட்சியை மீறி வந்து சேர்ந்தார்கள். 57-க்கு 43. இன்னும் மூன்று பேர் வந்திருந்தால் உங்கள் பில்லும் 35 டாலரில் நின்றிருக்கும். அன்று பிற்பகல் முழு மசோதா 50-க்கு 50 என்று நின்று, துணை அதிபர் கமலா ஹாரிஸ் வாக்களித்து நிறைவேறியது. நீங்கள் டிவியில் பார்த்தது அந்த ஒரு வாக்கு. உங்கள் கையிலிருந்து பணம் போவது காலையில் நடந்த மற்ற வாக்கெடுப்பால்.

உங்கள் நண்பர்கள் இரு தரப்பும் சட்டத்தின் பெயரை வைத்துச் சண்டை போடுகிறார்கள். நாட்டின் மொத்த விலைவாசியை ஒரு வாக்கெடுப்பு இறக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு யார் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதை அதனால் மாற்றமுடியும் என்று உறுதியாக நம்புகிறேன். 2003-இல் ஏறவிட்டார்கள், 2022-இல் கொஞ்சம் இறக்கினார்கள். உங்கள் மாமனாருக்கு 35 டாலர் என்பது 2023 ஜனவரி 1 முதல் சட்டம். அது ஏமாற்று இல்லை.

உங்கள் விஷயத்தில் இன்னும் வழி இருக்கிறது. பல மாநிலங்கள் தனியாகச் சட்டம் போட்டு இன்சுலினுக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் பெரிய கம்பெனிகள் பலவும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பெயரில் அட்டை கொடுத்துவிட்டு, மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. அப்படிப்பட்ட திட்டத்தை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. அட்டையைப் பார்த்து இதைப் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அலுவலகத்தில் மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள்: "நம் திட்டத்தின் செலவை ஏற்பது கம்பெனியா, இன்ஷூரன்ஸ் நிறுவனமா?" இன்ஷூரன்ஸ் நிறுவனம் என்றால் உங்கள் மாநிலச் சட்டத்தைக் காட்டி வாதாடலாம். கம்பெனி என்றால், உங்கள் இன்சுலின் யாருடைய தயாரிப்பு என்று பாருங்கள். 2023 மார்ச்சில் எலை லில்லி தன் முக்கிய இன்சுலின்களின் விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்து, மாதம் 35 டாலர் திட்டத்தையும் விரிவாக்கியது. நோவோ நார்டிஸ்க்கும் சனோஃபியும் அதே மாதம் விலைக்குறைப்பை அறிவித்தன. இந்தச் சலுகைகளுக்கு நிபந்தனைகள் உண்டு, சிலவற்றுக்கு நாமாகப் பதிவு செய்யவேண்டும். மருந்துக்கடைக்காரர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள், அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போதே கேட்டுவிடுங்கள். பில் குறைந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள்.