காணி இருக்கும் இடமும் தொழில் நிற்கும் இடமும்: வாசகர் கேள்வி – பதில்

இலங்கையின் வட மாகாணத்தில் முதலிடுவது குறித்து உள்ளூரிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் வந்த கேள்விகளில் ஐந்துக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: உரும்பிராயில் தந்தையார் பெயரில் பன்னிரண்டு பரப்புத் தோட்டக்காணி உண்டு. ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பி, அதில் பழச்சாற்றுத் தொழிற்சாலை ஒன்றை அமைக்க விரும்புகிறேன். இது சரிவருமா? – ரொறன்ரோ வாசகர்

பதில்: தொழிலை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கேற்ற இடத்தைத் தேடுவதே வழக்கம். ஆனால் நம்மவர்களில் பலர் காணி இருக்கும் இடத்தை முதலில் வைத்துக்கொண்டு அதற்கொரு தொழிலைத் தேடுகிறார்கள். யாழ்ப்பாணத்துக்குத் தேவையான அளவைவிடக் கூடுதலாகத் திருமண மண்டபங்கள் எழுந்திருப்பதற்கும் இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

உங்கள் திட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது நீர். உரும்பிராய் அமைந்துள்ள வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். குடாநாட்டில் நிரந்தரமாக ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை நிலத்துக்குள் இறங்கித் தேங்கும் நீரையே வீட்டுக் கிணறும் தோட்டக் கிணறும் பகிர்ந்துகொள்கின்றன. பழச்சாற்று ஆலைக்குக் கழுவவும் குளிர்விக்கவும் பெருமளவு நீர் வேண்டும் என்பதோடு, வெளியேறும் கழிவுநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே அயலவரின் கிணற்றைச் சென்றடையும் ஆபத்தும் உண்டு. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனதை அயலவர்கள் மறக்கவில்லை. பன்னிரண்டு பரப்பு, அதாவது முக்கால் ஏக்கருக்குள் முறையான சுத்திகரிப்புத் தொகுதியையும் அமைத்து ஆலையையும் நடத்துவது கடினம்.

இரண்டாவது, பழம். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் புகழ் பெரிது. பருவமோ சில மாதங்களுக்குள் அடங்கிவிடும். அந்தப் பழமும் கூடுதலாகக் கிடைப்பது உரும்பிராயில் அல்ல, கொடிகாமம், சாவகச்சேரி உள்ளிட்ட தென்மராட்சிப் பகுதியில்தான். ஆண்டு முழுவதும் இயந்திரம் ஓட வேண்டுமானால் பப்பாசி, வாழை, கொய்யா, தோடை என்று பல பழங்களை வன்னியிலிருந்தும் அதற்குத் தெற்கிலிருந்தும் எடுக்க வேண்டியிருக்கும். அந்நிலையில் ஏ-9 வீதியில் தம்புள்ளைச் சந்தைக்கும் கொழும்புத் துறைமுகத்துக்கும் யாழ்ப்பாணத்தைவிடச் சில மணிநேரம் நெருக்கமாக இருக்கும் வவுனியாவே பொருத்தமான இடமாகும். அரசு கைத்தொழில் வலயங்களுக்கெனக் குறித்துள்ள காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்றில் பின்னைய இரண்டும் அதே வீதியில் அமைந்தவை என்பதையும் கவனியுங்கள்.

உரும்பிராய்க் காணியைக் கைவிடச் சொல்லவில்லை. ஒடியல் மா, முருங்கையிலைத் தூள், மிளகாய்த் தூள் போன்று நீர் குறைவாகத் தேவைப்படும் உலர்த்தல், பொதியிடல் வேலைகளுக்கு அது போதுமானது. 2019-இல் திறக்கப்பட்ட பலாலி சர்வதேச விமான நிலையத்தையும், 2023-இல் தொடங்கிய நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலையும் ஏற்றுமதி வழிகளாக உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டும் இன்றுவரை பயணிகளுக்கே பெரிதும் பயன்படுகின்றன. சேவைகளும் இடையிடையே நின்று தொடர்ந்திருக்கின்றன.

கேள்வி: நான் பிரித்தானியக் குடியுரிமை மட்டும் உள்ளவன். என் பெயரில் வடக்கில் காணி வாங்க முடியுமா? உறவினர் பெயரில் வாங்கிவிடுமாறு ஊரில் சொல்கிறார்கள். – லண்டன் வாசகர்

பதில்: 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இலங்கையில் காணியை விலைக்கு வாங்க முடியாது, வெளிநாட்டவரின் பங்கு ஐம்பது வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்கும் இத்தடை பொருந்தும். 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும், நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாகக் காணி பெறுபவர்களுக்கும் இச்சட்டத்தில் விலக்கு உண்டு. நீங்கள் இலங்கையில் பிறந்து குடியுரிமையை இழந்தவரானால், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதே நேரான வழி. உறவினர் பெயரில் வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. காணி உறுதிப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகள் உங்களை அறிந்திருக்கவும் மாட்டார்கள்.

உறுதியைப் பார்ப்பதிலும் வடக்குக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி பிரிக்கப்படாத பங்குக் காணியை விற்கும்போது பங்காளிகளுக்கு அதை முதலில் வாங்கிக்கொள்ளும் முற்கொள்வனவு உரிமை இருப்பதால், அவர்களுக்கு முறையாக அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால் பின்னர் வழக்கைச் சந்திக்க நேரிடும். திருமணமான பெண் ஒருவர் தம் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்து மூலச் சம்மதமும் வேண்டும். இவ்விதி நியாயமானதா என்ற விவாதம் நெடுங்காலமாக நடந்தாலும், நொத்தாரிசு அதைக் கேட்கத்தான் செய்வார். வன்னிக்குப் போனால் கதை வேறு. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெரும் பகுதி காணிகள் 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப் பத்திரத்தில் வழங்கிய பெர்மிட் காணிகள். அவற்றை அனுமதியின்றி விற்க முடியாது. வங்கிகளும் அவற்றை ஈடாக ஏற்கத் தயங்குகின்றன. 'ஏக்கர் மலிவு' என்று யாரேனும் சொன்னால், அது உறுதிக் காணியா பெர்மிட் காணியா என்று பிரதேச செயலகத்தில் கேட்டறிந்த பின்னரே முற்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

முதலீட்டுப் பணத்தை, வெளிநாட்டிலிருந்து வரும் முதலீட்டுக்கென வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகவே கொண்டுவாருங்கள். உறவினரின் சாதாரணக் கணக்குக்கு அனுப்பிய பணத்தையும் அதன் இலாபத்தையும் பின்னர் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வது பெரும்பாடாகிவிடும்.

கேள்வி: கடலட்டைப் பண்ணையில் முதலிட அழைக்கிறார்கள். இலாபம் பெரிதென்கிறார்கள். – மன்னார் வாசகர்

பதில்: இலாபம் உண்டு என்பது உண்மை. ஆழமற்ற களப்பில் வலையடைப்புக்குள், கடலடியில் ஊரும் உயிரினமான கடலட்டையின் குஞ்சுகளை விட்டு ஏறத்தாழ ஓராண்டு வளர்த்து, அவித்து உலர்த்திச் சீனச் சந்தைகளுக்கு அனுப்புகிறார்கள். உள்ளூரில் உண்பவர் இல்லாத ஒரு பொருளுக்கு விலை சொல்பவர் எங்கோ இருக்கிறார் என்பது இத்தொழிலின் முதற் பலவீனம். தரமான குஞ்சு வேண்டிய காலத்தில் கிடைக்காமல் போவதும், திருட்டும், கடும் மழையில் களப்பு நீரின் உப்புச் செறிவு குறைந்து அட்டைகள் இறப்பதும் அடுத்தவை.

இவற்றைவிடப் பெரியது, களப்பு யாருடையது என்ற கேள்வி. கௌதாரிமுனை போன்ற இடங்களில், தாங்கள் காலங்காலமாக வலை வீசிய இடங்களும் படகுப் பாதைகளும் மீன் குஞ்சுகள் வளரும் பரப்புகளும் வேலிகளுக்குள் போய்விட்டன என்று சிறு மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள். நீருயிரின வளர்ப்புக்கான அதிகாரசபையான நக்டாவின் அனுமதிப் பத்திரம் கையில் இருந்தாலும், அவ்விடத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இசையாவிட்டால் பண்ணை நிலைக்காது. முன்னர் அக்களப்பில் தொழில் செய்தவர்களே பங்காளிகளாக இருக்கும் பண்ணையானால் யோசியுங்கள். வெளியூர் முதலாளியும் கூலிக் காவலாளியும் மட்டுமே இருக்கும் பண்ணையானால் விலகி நில்லுங்கள்.

கேள்வி: இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் செய்கிறோம். நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து அரிசி ஆலை போடலாமா? – கிளிநொச்சி வாசகர்

பதில்: ஆலைக்கு முன் உலர்த்தியும் களஞ்சியமும் போடுங்கள். காலபோக (பெரும்போக) அறுவடையில் இயந்திரம் வெட்டிய ஈர நெல்லை வயல் வரம்பிலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிடுவதால்தான் விலை உங்கள் கையை விட்டுப் போகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை எதிர்பார்க்கும் ஈரப்பதன் 14 வீதம்; மழை தூறும் நாட்களில் வீதியில் பரப்பிக் காயவைத்து அந்த அளவைத் தொடுவது எளிதல்ல. உலர்ந்த நெல்லைச் சில மாதங்கள் வைத்திருந்து விற்றாலே முதலீட்டில் ஒரு பகுதி திரும்பிவிடும். ஆலையை அந்த வருமானத்தில் கட்டுங்கள். வயலை நிரப்பிக் கட்டடம் எழுப்ப நினைத்தால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி கட்டாயம் வேண்டும். மேட்டுக்காணி ஒன்றைத் தேடுவதே நல்லது.

கேள்வி: மன்னார்க் காற்றாலைகளில் எம்மைப் போன்ற சிறியவர்களுக்கு இடமுண்டா? – பேசாலை வாசகர்

பதில்: நேரடியாக இல்லை. மன்னார்த் தீவில் நிற்கும் தம்பபவனி முப்பது கோபுரங்களும் 103.5 மெகாவாற்றும் கொண்ட, இலங்கை மின்சார சபை அமைத்த திட்டம். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக்குத் திட்டமிட்டிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. வெள்ளம் வடியும் வழிகளும் புலம்பெயர் பறவைகளின் பாதையும் குறித்த உள்ளூர் எதிர்ப்பும் ஓயவில்லை. உங்கள் ஐஸ் தொழிற்சாலைக்கோ கருவாட்டுக் கொட்டகைக்கோ கூரையில் சூரியப் படலம் போட்டு மின்கட்டணத்தைக் குறைப்பதே இப்போதைக்கு உங்கள் அளவுக்கான மின்சார முதலீடு.